புல் நட்ட மலையில் களை: எந்த மருந்து என்று கேட்ட தம்பிக்கு

கேள்வி இலங்கையின் ஊவாவில், பசறைப் பக்கத்திலிருந்து வந்தது. ஒன்றரை ஏக்கர், பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கொழுந்து எடுக்காமல் காடாகிப் போன தேயிலை நிலம். தேயிலைத் தூர்களைப் பிடுங்கி, மண்வெட்டியால் நன்றாகக் கொத்தி, ஒக்டோபர் மழைக்கு சி.ஓ.3 என்ற நேப்பியர்ப் புல்லின் கரணை, அதாவது தண்டுத் துண்டு, நட்டிருக்கிறார் ஒரு தம்பி. பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் உலைக்குக் கொஞ்சம், வீட்டுச் சாண எரிவாயுத் தொட்டிக்குக் கொஞ்சம் என்பது அவர் கணக்கு. இப்போது ஜனவரி. நட்ட புல் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லையாம், இடுப்பளவு களை. "புல்லைக் கொல்லாமல் களையை மட்டும் கொல்லும் மருந்து எது? ஒரு டேங்குக்கு எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, நீங்கள் வளர்ப்பது புல். அதை மூடி நிற்பதில் பாதிக்கு மேல் புல்லாகத்தான் இருக்கும். நேப்பியர் பிழைத்துக்கொள்ள, இஞ்சிப்புல் என்ற களைப்புல் மட்டும் சாகும் மருந்து எதையும் முப்பத்தொரு வருட வேலையில் நான் கண்டதில்லை. கடைக்காரர் எடுத்துத் தருவது ஒன்று இரண்டையும் கொல்லும், அல்லது இரண்டையும் தொடாமல் விடும். ஆகவே டேங்குக் கணக்கு கடைசியில்தான் வரும்.

நான் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவன். எரிப்பதற்கென்று புல் வளர்த்ததில்லை. ஆனால் மலையில் புல்லை நட்டு நிலைநிறுத்துவது தோட்டக்காரர்களுக்குப் பழைய வேலை. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதிது நடுவதற்கு முன், ஒன்றரை முதல் இரண்டு வருடம் குவாத்தமாலாப் புல்லையோ மானாப் புல்லையோ போட்டு மண்ணைத் தேற்றுவோம். தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் முறை அது. நாங்கள் வெட்டிய புல்லை அங்கேயே பரப்பினோம், நீங்கள் வெட்டி லொறியில் ஏற்றப் போகிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான். முதல் மூன்று மாதம் இரண்டுக்கும் ஒன்றே.

அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நேப்பியரோ குவாத்தமாலாவோ ஒரு தடவை இலையோடு இலை கோத்து மேலே மூடிவிட்டால், அதற்குக் கீழே எந்தக் களையும் தலை தூக்காது. அதைவிடக் கெட்டிக்காரக் களைகொல்லி கடையில் கிடையாது. நட்ட நாளிலிருந்து அப்படி மூடும் நாள்வரை, அறுபது முதல் தொண்ணூறு நாள், அந்தப் புல்லை நீங்கள் சுமக்க வேண்டும். பிறகு அது உங்களைச் சுமக்கும். உங்கள் மலையில் சண்டை தோற்றது ஜனவரியில் இல்லை. ஒக்டோபருக்கு முன்பே, மண்வெட்டி எடுத்த அன்றே தோற்றுவிட்டது.

மற்ற நாடுகளில் எரிபொருள் புல் போடுபவர்களும் இதையேதான் பட்டறிந்திருக்கிறார்கள். அமெரிக்கச் சமவெளிகளில் சுவிட்ச்கிராஸ் என்றொரு புல்லை விதைக்கிறார்கள். விதை மிகச் சிறிது, அரை அங்குலத்துக்கு மேல் ஆழம் போனால் முளை வெளியே வரத் திணறும். முதல் வருடம் அது வேர் விடுவதிலேயே காலத்தைக் கழிக்கும். மேலே பார்த்தால் களை மட்டும்தான் தெரியும், புதிதாக விதைத்தவர்கள் பயிர் போய்விட்டதென்று உழுதுவிடுவதும் உண்டு. முழு விளைச்சல் மூன்றாம் வருடத்தில்தான். இங்கிலாந்தில் மின் நிலையங்களில் எரிப்பதற்காக மிஸ்காந்தஸ் வளர்க்கிறார்கள். அது விதை போடாத கலப்பினம், வேர்க்கிழங்குத் துண்டுகளாக நடுவார்கள். முதல் இரண்டு வருடம் களைக்குக் காவல் இருந்தால் போதும், அதன் பிறகு உதிர்ந்த இலை மெத்தையே நிலத்தை மூடிக்கொள்ளும். அவர்களோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்து வைத்தவர்கள். நேப்பியர் கரணை பத்துப் பன்னிரண்டு நாளில் துளிர்க்கும், அறுபது நாளில் இடுப்புக்கு வரும். நம் மழையில் களையும் அதே வேகத்தில் வரும் என்பதுதான் சிக்கல்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "மண்வெட்டியால் நன்றாகக் கொத்தி" என்ற வரி. அதே பிழையை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், குவாத்தமாலா போட ஒரு மலையைத் தயார் செய்யச் சொன்னார்கள். மலையின் கீழ்ப்பாதி முழுக்க இஞ்சிப்புல். சிங்களத்தில் எட்டோரா என்பார்கள், விரல் தடிமனில் வெள்ளை வேர்த்தண்டு மண்ணுக்குள் பாய் பின்னியதுபோல ஓடும். நாற்பது ஆளை நிறுத்தி மண்வெட்டியால் கொத்திப் புரட்டினேன். மண் பொலபொலவென்று வந்தது. துரை வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்கு ஒரே பெருமை. மூன்று மாதம் கழித்து அதே மலையில் குவாத்தமாலாவைக் காணோம், இஞ்சிப்புல் நாற்று மேடை போட்டு வளர்த்ததுபோல நிற்கிறது. ஒரு தண்டை நான் பத்துத் துண்டாக வெட்டியிருக்கிறேன், ஒவ்வொரு துண்டிலும் ஒரு கணு, ஒவ்வொரு கணுவிலும் ஒரு முளை. நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்துக் களையை நட்டிருக்கிறேன். அந்த வருடம் துரை என்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அன்றிலிருந்து ஒரு மலையைப் பார்த்தவுடன், இங்குள்ள களை எதிலிருந்து திரும்பி வரும் என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். மண்ணுக்குள் தண்டு வைத்திருக்கிறதா, துண்டு விழுந்த இடத்தில் வேர் விடுமா, விதையிலிருந்து மட்டும் வருமா? பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த மூன்றில் எது என்று தெரிந்தால் என்ன செய்வதென்பது தெரிந்துவிடும்.

தண்டு வைத்திருப்பவை இஞ்சிப்புல், இலுக், உயரமான இடங்களில் கிக்கியூ புல். இவற்றை வெட்டக் கூடாது, கிளற வேண்டும். நான்கு பல் உள்ள இரும்பு மண்முள்ளை ஆழமாகக் குத்தி, நெம்பி, தண்டு அறாமல் இழுத்து மேலே போட வேண்டும். காலம் பார்த்துச் செய்தால் வேலை பாதி. ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று அடிக்கிறதே, அது கடவுள் கொடுத்த மருந்து. மேலே கிடக்கும் தண்டு பத்து நாளில் சுள்ளியாகிவிடும். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தார் இதே வேலையை ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வெயிலில் செய்ய வேண்டும், அங்கே ஜூனில் முள் குத்தினால் சேறுதான் மிஞ்சும். இலுக்கை மட்டும் தீ வைத்து அழிக்கலாம் என்று எண்ணாதீர்கள். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் ஒவ்வொரு ஓகஸ்டிலும் தீ வைக்கிறார்கள், ஒவ்வொரு நவம்பரிலும் இலுக்கும் மானாவும் முன்னைவிட அடர்த்தியாக நிற்கின்றன. நிழல்தான் இலுக்குக்கு எமன். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை அடியோடு அரிந்துகொண்டே வந்து, மேலே நேப்பியர் மூடிவிட்டால் அது தானாக இளைத்துப் போகும். இஞ்சிப்புல் அவ்வளவு மரியாதைக்காரன் இல்லை.

துண்டிலிருந்து வருபவற்றில் முதலாவது மைக்கேனியாக் கொடி, அடுத்தது கானாம்வாழை. இவற்றைப் பிடுங்கி மழைநாளில் வரிசைக்குள் போட்டால் நட்டதற்குச் சமம். கல்கட்டின் மேலோ பாறையிலோ காயப் போடுங்கள், அல்லது உங்கள் எரிவாயுத் தொட்டிக்கே நறுக்கிப் போடுங்கள்.

விதையிலிருந்து மட்டும் வருபவை பார்க்கப் பயமாக இருக்கும், உண்மையில் சாதுக்கள். தோட்டத்தில் அலவாங்குப் புல் என்கிறோமே, ஒற்றைத் தண்டாக நெட்டையாக நின்று பஞ்சு விதை பறக்கவிடுமே, அது. ஊதா நிறத்தில் பஞ்சுப் பூப் பூக்கும் ஏஜரேட்டம். துணியில் ஒட்டும் ஊசிக்காய்ச் செடி. பூக்கும் முன் கையால் பிடுங்கினாலே கதை முடிந்தது. பூக்கவிட்டால் அடுத்த பல வருடத்துக்கு விதை இருப்பு வைத்துவிடும். இவற்றுக்கு ஒரு தந்திரம் உண்டு. நடுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே நிலத்தைத் தயார் செய்து, மழைக்கு விட்டு, முளைக்க நினைக்கும் விதையெல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருங்கள். பச்சைப் பாய் விரித்ததுபோல முளைத்து வரும்போது மேலோட்டமாக அரிந்து எறிந்துவிட்டு, மண்ணைப் புரட்டாமல், குழியை மட்டும் தோண்டி நடுங்கள். புரட்டினால் அடியில் தூங்கும் விதை மேலே வரும், மறுபடியும் முதலிலிருந்து. மழையை வீணாக்குகிறோமே என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த மூன்று வாரப் பொறுமை இரண்டு சுற்றுப் புல்லுவெட்டுக் கூலியை மிச்சப்படுத்தும்.

இப்போது கிளைபோசேட் என்ற களைகொல்லி. நீங்கள் பெயர் சொல்லாமல் கேட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன். 2015 இல் அதைத் தடை செய்தார்கள், வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய் பற்றிய விவாதத்தில். 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். 2021 இல் இரசாயன உரம், மருந்து எல்லாவற்றின் இறக்குமதியும் நின்றது, சில மாதத்தில் அதுவும் மாறியது. 2022 இல் கிளைபோசேட் திரும்ப வந்தது. இந்தக் கொடியேற்ற இறக்கத்தில் நான் கற்றுக்கொண்டது, ஒரே ஒரு மருந்தை நம்பி ஒரு மலையைத் திட்டமிடக் கூடாது என்பதே. இன்றைக்கு எதற்கு அனுமதி என்பதைப் போத்தலின் லேபிளிலும், சந்தேகம் வந்தால் பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள். அளவும் லேபிளில் உள்ளதுதான். பக்கத்து வீட்டார் சொன்ன அளவும் நான் சொன்ன அளவும் உங்களுக்கு வேண்டாம்.

அடிப்பதானால் நடுவதற்கு முன் ஒரே தடவை, அதுவும் இஞ்சிப்புல், இலுக் நிற்கும் திட்டுகளில் மட்டும். அந்த மருந்து இலை வழியாக இறங்கி மண்ணுக்குள் இருக்கும் தண்டைப் பிடிக்க வேண்டும். காய்ந்து சிவந்த புல்லில் அடித்தால் இறங்காது. ஓகஸ்டில் அரிந்துவிடுங்கள். செப்டெம்பர் கடைசியில் முதல் தூறலுக்குப் புதிய இலை ஒரு சாண் வளரும், அப்போது அடியுங்கள். ஆறு மணி நேரமாவது மழை படக் கூடாது. பிறகு இரண்டு வாரம் மண்ணைத் தொடாதீர்கள், தொட்டால் மருந்து தண்டின் நுனிவரை போய்ச் சேராது. இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. ஓடையில் கலங்கிய தண்ணீரை அள்ளிக் கலந்தால் மருந்து அந்தக் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு டேங்குக்குள்ளேயே செத்துவிடும். தெளிந்த தண்ணீர் வேண்டும். அலவாங்குப் புல்லுக்கு இதை நம்பாதீர்கள், அந்த இனம் உலகில் பல நாடுகளில் கிளைபோசேட்டுக்கு அடங்காமல் போய்விட்டது. கையால் பிடுங்குவதே சரி.

நட்ட பிறகு அடிக்க அகன்ற இலைக் களைக்கு மட்டுமான மருந்துகள் இருக்கின்றன. 2,4-டி, எம்.சி.பி.ஏ. வயலில் நெல்லுக்கு அடிப்பவை. புல் வகையை விட்டுவிட்டு அகன்ற இலையைக் கொல்லும் என்பதால் நேப்பியருக்குப் பொருத்தம்போலத் தெரியும். பசறையில் நான் அதை அடிக்கச் சொல்ல மாட்டேன். உங்கள் மலைக்கு மேலே தேயிலை, கீழே யாரோ ஒருவருடைய போஞ்சி, தக்காளி. மாலைக் காற்றில் அந்தத் தூவல் எங்கே போய் இறங்கும் என்று உங்களால் சொல்ல முடியாது. கிளைபோசேட் இல்லாத காலத்தில் சில தோட்டங்கள் எம்.சி.பி.ஏ.வுக்குத் தாவின. விளைவு, ஜப்பான் நம் தேயிலையில் அதன் மிச்சத்தைக் கண்டு கேள்வி கேட்டது. தனி வரம்பு குறிக்காத மருந்துக்கு அங்கே அனுமதி ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான். உங்கள் புல்லுக்காகப் பக்கத்து மலையின் கொழுந்து திரும்பி வந்தால், தொழிற்சாலைக்காரர் உங்கள் புல்லை வாங்கவே மாட்டார்.

சரியாக நடுவது களையெடுப்பில் பாதி என்று எந்த மேடையிலும் சொல்வேன். பசறை, பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு ஒக்டோபர், நவம்பர் மழை. மேற்குச் சரிவுக்கு மே கடைசி, இல்லாவிட்டால் செப்டெம்பர். முற்றிய தண்டில் மூன்று கணுக் கரணை, இரண்டு கணு மண்ணுக்குள், ஒன்று வெளியே, சாய்வாக. வரிசை சரிவுக்குக் குறுக்கே போக வேண்டும். மேலிருந்து கீழாக வரிசை பிடித்தால் முதல் பெருமழை வரிசையைக் கானாக்கிவிடும். வரிசைக்கு வரிசை மூன்றடி, தூருக்குத் தூர் இரண்டடி என்பது வழக்கம். களை அதிகமான நிலத்தில் நான் இரண்டரைக்கு ஒன்றரை வைப்பேன். கரணை அதிகம் செலவாகும், ஆனால் மூடுவது இரண்டு வாரம் முந்தும். களை மோசமான திட்டில் கரணையை விட்டுவிட்டுப் பழைய தூரைப் பிரித்த வேர்க்கன்றை நடுங்கள், அது நட்ட மறுவாரமே ஓடத் தொடங்கும்.

உரத்தை வீசாதீர்கள். வீசிய யூரியாவை முதலில் சாப்பிடுவது களைதான், அதற்கு வேர் முந்தி விரிந்திருக்கும். நடும்போது குழிக்குள் மக்கிய சாணம். களையெடுத்த மறுநாள் தூரைச் சுற்றி மட்டும் கொஞ்சம் உரம். சுவிட்ச்கிராஸ்காரர்கள் விதைத்த வருடம் நைட்ரஜனே இடுவதில்லை, இதே காரணத்துக்காக.

வரிசைகளுக்கு நடுவில் வெறும் மண் கிடந்தால் இயற்கை அதைச் சும்மா விடாது. எதையாவது நடும். அதை நாமே நட்டுவிட்டால் என்ன? மானியத்தில் காணி எடுத்த ஒரு குடும்பம் வரிசைக்கு நடுவே செடிப் போஞ்சி போட்டதைப் பார்த்தேன். போஞ்சி ஐம்பத்தைந்து, அறுபது நாளில் காய் முடிந்துவிடும், நேப்பியர் மூடுவதும் அதே நாளில். இதைவிடப் பொருத்தமான ஜோடியை நான் பார்த்ததில்லை. அதன் உண்மையான பலன் நிழலில் இல்லை. வெறும் புல்லுக்குக் களையெடுக்க யாருக்கும் மனம் வராது, "புல்லுக்கே புல்லுவெட்டா" என்று கொந்தரப்புக்காரரே சிரிப்பார். போஞ்சி நிற்கிறதென்றால் வீட்டம்மா காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வரிசைக்குள் போய்வருவார், கை சும்மா இருக்காது. களை வளர நேரமே கிடைக்காது. போஞ்சிக்கு இடமில்லாத செங்குத்துச் சரிவில் காட்டுச் சூரியகாந்தியை வெட்டிப் பரப்பலாம், வீதியோரம் எங்கும் நிற்கிறது. பூக்கும் முன் வெட்டியதாக, முற்றாத தண்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஒரு புதுக் களை.

சரிவில் களையெடுக்கும்போது சுரண்டியைத் தொடாதீர்கள். அந்தக் காலத்தில் மலை கண்ணாடிபோல இருக்க வேண்டும் என்று துரைமார் ஆசைப்பட்டார்கள். கோப்பிக் காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. சுரண்டிச் சுரண்டி மேல்மண் முழுவதும் ஓயாவில் போனது, இன்று பல மலைகளில் தேயிலை கல்லின் மேல் நிற்கிறது. தூரைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கையால் பிடுங்குங்கள். நடு வரிசையில் கத்தியால் கணுக்கால் உயரத்தில் அரிந்து அங்கேயே விடுங்கள். தரையோடு படரும் சிறு புளியாரை போன்ற மெல்லிய செடிகள் இருந்துவிட்டுப் போகட்டும், அவை மண்ணைப் பிடித்துக்கொள்ளும், மூன்றடிப் புல்லோடு போட்டி போடாது. மேட்டுக்காணி வெலிமடை, நுவரெலியாப் பக்கம் என்றால் குமிழ் வைக்கும் பெரிய இலைப் புளியாரை வேறு சாதி, அதைப் பிடுங்கப் பிடுங்கக் குமிழ் சிதறும். நல்லவேளை, அதுவும் நிழலில் அடங்கும். அந்த உயரத்தில் நேப்பியரே நான் நட மாட்டேன் என்பது வேறு கதை. ஜனவரி உறைபனியில் இலை கருகிக் குளிருக்கு நின்றுவிடும், அது நிற்கும்போது களை நடக்கும்.

இனி உங்கள் மலைக்கு வருகிறேன். இப்போது மருந்து எதுவும் வேண்டாம். ஒரு கட்டுக் குச்சியோடு காலையில் போங்கள், அட்டைக்கு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நட்ட வரிசை உங்களுக்குத் தெரியும். இரண்டடிக்கு ஒரு தடவை களையை விலக்கிப் பாருங்கள், நேப்பியர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் குச்சி. இளசில் கினிப்புல்லும் நேப்பியரும் குழப்பும். பழைய கரணைத் துண்டு அடியில் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், சந்தேகம் தீரும். மலையின் மேல், நடு, கீழ் என்று நான்கைந்து இடத்தில், மொத்தம் நூறு குழி எண்ணுங்கள். சுவிட்ச்கிராஸ்காரர்கள் இருபத்தைந்து கட்டம் போட்ட கம்பிச் சட்டத்தை நிலத்தில் நான்கு தடவை வைத்து, நூறு கட்டத்துக்கு நாற்பதிலாவது பயிர் இருந்தால் எரிபொருள் நிலம் தேறிவிடும் என்று கணக்கிடுகிறார்கள். அவர்கள் புல் பக்கவாட்டில் பரவி இடைவெளியை நிரப்பும். நேப்பியர் தூர் கட்டி நின்ற இடத்திலேயே பெருக்கும், அதனால் நம் கணக்கை நான் கூட்டி வைக்கிறேன்.

நூற்றுக்கு அறுபதுக்கு மேல் உயிரோடு இருந்தால் மலை பிழைத்தது. குச்சி வைத்த தூர்களைச் சுற்றி மட்டும் இந்த மாதமே கைக்களை எடுங்கள். நடு வரிசையை அரியுங்கள், பூ வந்திருந்தால் அதை முதலில். ஒன்றரை ஏக்கரையும் ஒரே நாளில் வெளுக்க நினைக்க வேண்டாம், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, அடுத்த வாரம் மற்ற வரிசை. பெப்ரவரி, மார்ச் வெயிலுக்கு அரிந்த களையே மூடாக்கு. மார்ச் கடைசி மழை தொடங்கியதும் நன்றாக நிற்கும் தூர்களிலிருந்து வேர்க்கன்று பிரித்து வெற்றிடத்தை நிரப்புங்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் என்றால், நன்றாக உள்ள பாதியைக் காப்பாற்றி, அதை நாற்றுமேடையாக வைத்துக்கொண்டு, மற்றப் பாதியை ஒக்டோபருக்குத் தள்ளிவிடுங்கள். நாற்பதுக்கும் கீழே என்றால் மனதைத் தேற்றிக்கொண்டு விடுங்கள். கச்சானில் முள் குத்தி, செப்டெம்பர் தளிரில் ஒரு தடவை அடித்து, முறைப்படி மறுபடி தொடங்குவது மலிவு. செத்த மலைக்குக் களையெடுத்துக் காசை அழித்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இஞ்சிப்புல் எந்தத் திட்டில் நிற்கிறது என்று தனியாகக் குறித்து வையுங்கள். அந்தத் திட்டில் வேறு எதைச் செய்தாலும் முதலில் அதை முடிக்க வேண்டும்.

முதல் வெட்டை அவசரப்படாதீர்கள். மாட்டுக்கு என்றால் எழுபத்தைந்து நாளில் வெட்டுவார்கள். களை நிலத்தில் முதல் வெட்டைத் தாமதப்படுத்துங்கள், நிழல் இன்னும் ஒரு மாதம் வேலை செய்யட்டும். எரிக்கிறவருக்கும் அதுவே நல்லது. இளம் நேப்பியரில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், அதோடு பொட்டாசியமும் சிலிக்காவும் சாம்பலை உருக்கி உலைத் தட்டில் கட்டியாக்கும். தொழிற்சாலைக்காரர் ஒரு தடவை அந்தக் கட்டியை உடைத்துவிட்டு, அடுத்த லொறியைத் திருப்பி அனுப்புவார். முற்றிய தண்டு, நன்றாகக் காய்ந்தது, மண் ஒட்டாதது, இதைத்தான் அவர் வாங்குவார். பச்சையாக வெட்டுவதும் களையோடு வெட்டுவதும் உங்கள் எரிவாயுத் தொட்டிக்குப் போகட்டும், அது எதையும் சாப்பிடும். உலைக்குத்தான் முக்கியமாகக் கொடுக்க வேண்டும் என்றால் எல்லையில் கிளிரிசிடியா மர வரிசை போடுங்கள். 2005 இலேயே அதைத் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிர் என்று அறிவித்தார்கள். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ விறகு எரிக்கும் தொழிற்சாலைக்குப் புல்லைவிடக் கட்டை மீதுதான் முதல் கண்.

சி.ஓ.3 எடுத்தது நல்ல காரியம். அது கோயம்புத்தூரில் கம்பையும் நேப்பியரையும் இணைத்து உண்டாக்கிய கலப்பினம், மிஸ்காந்தஸைப்போலவே முளைக்கும் விதை போடாது. யாராவது மலிவாகக் கிடைக்கிறது என்று கினிப்புல் தந்தால் வாங்காதீர்கள். அதன் விதை காற்றிலும் பறவையிலும் போய் மேல் காட்டுக்குள் ஏறும், ஓகஸ்டில் தீயையும் கூட்டிக்கொண்டு போகும். உங்கள் எரிபொருள் அடுத்தவருக்குக் களையாகக் கூடாது. கானோரத்தில் வெட்டிவேர் ஒரு வரிசை வையுங்கள், நேப்பியர்த் துண்டு மழையில் உருண்டு கீழ்க்காணிக்குப் போகாமல் தடுக்கும். லயத்துக்கும் நடைபாதைக்கும் பக்கத்தில் முப்பதடி விட்டுவிடுங்கள். ஆளுயரப் புல்லில் பன்றி படுக்கும், சிறுத்தை பதுங்கும், கொழுந்துக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் அந்த வழியால்தான் நடக்கிறார்கள்.

நூறு குழி எண்ணிய கணக்கையும் இஞ்சிப்புல் திட்டின் அளவையும் எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்தால் எத்தனை வேர்க்கன்று வேண்டும், எத்தனை ஆளுக்கு வேலை என்று சொல்லிவிடுவேன்.